படகுத்துறையுடன் ஆற்றங்கரை வீடு: கொழும்பைச் சுற்றி விற்பனைக்கு வருபவற்றில் எது காசுக்குப் பெறும்?

நீர்முகப்பு இத்தனை அடி, சொந்த ஜெட்டி (படகுத்துறை) உண்டு, கொழும்பிலிருந்து முக்கால் மணி நேரம். பிலியந்தலை, மொறட்டுவை, பாணந்துறை, வத்தளைப் பக்கத்துக் காணி விளம்பரங்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும்தான் சொல்கின்றன. நீர்முகப்பை நாடா வைத்து அளந்துவிடலாம். முக்கால் மணி நேரம் என்பது காலி வீதி அன்றைக்கு விடும் மனதைப் பொறுத்தது. சிக்கல் இருப்பது 'சொந்த' என்ற சொல்லில்தான். பொது நீர்நிலையின் பாவனையும் கட்டுப்பாடும் அரசுக்குரியவை என்று 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. ஜெட்டியின் கால்கள் ஊன்றி நிற்பது அந்த நீரில். விற்பவர் காணி உறுதியில் எழுதித் தரக்கூடியது காணியும் வீடும்தான்.

ஆகவே வீட்டுக்கு ஒரு விலை, ஜெட்டிக்கு ஒரு விலை என்று பிரித்தே பேசுங்கள். கையில் அனுமதிக் கடிதமும் காலடியில் போதிய ஆழமும் இல்லாத ஜெட்டிக்கு எங்கள் மதிப்பு பூச்சியம். பல இடங்களில் அதற்கும் கீழே, ஏனென்றால் கழற்றும் செலவு வாங்குபவர் தலையில் விழும்.

எந்தத் தண்ணீர்?

பொல்கொட வடக்கு ஏரிதான் இந்தச் சந்தையின் நடுநாயகம். மேற்கே மொறட்டுவை, கிழக்கே பிலியந்தலை. வடக்கிலிருந்து வேரஸ் கங்கை வந்து சேர்கிறது. தெற்கே பொல்கொட கங்கை வழியாகத் தெற்கு ஏரிக்கும், பாணந்துறை முகத்துவாரத்துக்கும் போகலாம். மலைநாட்டு வெள்ளம் நேரே இறங்கும் ஆறு இல்லை என்பதால் நீர்மட்டம் களனியைப் போல் ஒரே இரவில் தாவுவதில்லை. ஆனாலும் அடைமழையோடு முகத்துவாரத்தில் மணல்திட்டும் சேர்ந்துவிட்டால் தண்ணீர் வடிய வழியின்றி மெல்ல மெல்லப் புல்தரையில் ஏறும், பிறகு நாட்கணக்கில் இறங்காது.

இங்கே எந்தக் கரை என்பது விலைக்கு மேலான விஷயம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று அகன்ற நீர்ப்பரப்பைக் கடந்து பிலியந்தலைப் பக்கத்துக் கரையில் மோதும். அலையோடு சல்வீனியா, ஆகாயத்தாமரை போன்ற மிதக்கும் களைகளையும் கொண்டுவந்து ஜெட்டிக்குள் அடைத்துவிடும். அந்த மாதங்களில் கிழக்குக் கரையில் படகைக் கட்டி வைத்தால் பக்கவாட்டு ரப்பர் தேயும், கட்டும் வளையம் ஆடும். மொறட்டுவைப் பக்கம் காற்றுக்கு மறைவு, ஆனால் மர ஆலைகளுக்கு அருகே மரத்தூளும் கழிவுநீரும் கலக்கும் மூலைகள் அங்கே உண்டு. கடல் காற்று வரும் பின்னேரம் போய் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். காலை பத்து மணிக்குக் காட்டப்படும் ஏரி எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

களனி கங்கைக் கரையை, கடுவெல முதல் ஹங்வெல்ல வரை, படகுத்துறைக்காக வாங்க வேண்டாம் என்பதே எங்கள் தெளிவான கருத்து. சுமார் 2,300 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பின் மழை அந்த ஒற்றை ஆற்றில் இறங்குகிறது. கொழும்பு நாகலகம் வீதியிலுள்ள ஆற்று நீர்மட்ட அளவுகோலில் 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெரு வெள்ளம். 2016 மே மாதத்திலும், டித்வா புயல் வந்த 2025 நவம்பரிலும் இந்த ஆறு என்ன செய்யும் என்பதைக் கொலன்னாவையும் கடுவெலயும் பார்த்தன. வெள்ளத்தில் மிதந்து வரும் மரமும் மூங்கில் புதரும் ஜெட்டியின் கால்களில் சிக்கி, அணைபோல் நீரைத் தடுக்க, அந்தச் சுமையில் மொத்தமும் பெயர்ந்து போகும். போதாததற்கு மணல் அகழ்ந்த இடங்களில் ஆற்றின் படுகை தாழ்ந்து கரை சரிகிறது. ஆற்றுக்கும் வெள்ளத்தடுப்பு அணைக்கும் இடையில் இருக்கும் காணி என்றால் பேச்சையே அங்கே நிறுத்தலாம். 1924ஆம் ஆண்டின் வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் சம்மதமின்றி அங்கே எதையும் எழுப்ப முடியாது.

வத்தளை, ஹெந்தளைப் பக்கத்து ஹமில்டன் கால்வாய் 1802க்கும் 1804க்கும் இடையில் வெட்டப்பட்டது. 14.5 கிலோமீட்டர் நீளம், அமைதியான நீர். சிறிய தோணிக்கும் கயாக்குக்கும் போதும். கூரை வைத்த படகு வாங்கும் எண்ணமிருந்தால் முதலில் இரு பக்கப் பாலங்களின் அடிப்புற உயரத்தை மழைக்காலத்தில் அளந்துகொள்ளுங்கள். தியவன்னா ஏரியை விட்டுவிடுங்கள். 2018இல் ராம்சார் என்ற ஈரநிலப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாகக் கொழும்பு அங்கீகரிக்கப்பட்ட பிறகு அந்த ஈரநில வலயத்தில் தனியார் படகுத்துறைக்கு ஆசைப்படுவது வீண்.

பாணந்துறை முகத்துவாரத்துக்குப் பக்கத்து வீடுகள் தனி இனம். கடலுக்குப் போய்வர நினைப்பவர்கள் விரும்புவார்கள். ஆனால் அது உவர்நீர். அதன் விளைவுகளை ஜெட்டி பற்றிய பகுதியில் பாருங்கள்.

காகிதம்

விற்பவர் காட்டும் நில அளவைப் படத்தில் நீர்ப்பக்க எல்லையில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் வாசியுங்கள். 'பொல்கொட கங்கை' என்றா, 'கங்கை ஒதுக்கீடு' என்றா? ஒதுக்கீடு என்றால் உங்கள் காணி தண்ணீரைத் தொடவேயில்லை. இடையில் ஓர் அரச கீற்று இருக்கிறது. வீட்டின் பின்பக்கத் தாழ்வாரமோ நீச்சல் தடாகமோ அந்தக் கீற்றுக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் வங்கியின் மதிப்பீட்டாளர் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார், கடனும் அந்தளவுக்குக் குறையும். பழைய படத்தை நம்பாமல் அனுமதி பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு புதிதாக அளந்து, நீர்விளிம்பையும் ஒதுக்கீட்டுக் கோட்டையும் ஒரே படத்தில் குறிக்கச் சொல்லுங்கள். 40 பேர்ச் என்று விலை பேசிய காணியில் 6 பேர்ச் ஒதுக்கீடாக இருந்தால் நீங்கள் வாங்குவது 34 பேர்ச்.

'இருபது வருடமாக இருக்கிற ஜெட்டி, இதுவரை யாரும் கேட்கவில்லை' என்ற பதில் பல வாய்களில் வரும். தனியாருக்கு எதிராக நீண்டகால ஆட்சி உரிமை கோரலாம். அரசுக்கு எதிராக அது செல்லாது. யாரும் கேட்காதது அனுமதி ஆகிவிடாது.

பொல்கொட 2009இல் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஆகவே மத்திய சுற்றாடல் அதிகார சபையின் எழுத்துமூலச் சம்மதம் இருக்கிறதா என்று கேளுங்கள். தாழ்நிலத்தை நிரப்பிக் கட்டியிருந்தால் 1968ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதியும் வேண்டும். பாணந்துறையில் இன்னொரு சட்டமும் குறுக்கே வரும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, கரையோர வலயம் கடற்கரையிலிருந்து 300 மீற்றரோடு முடிந்துவிடுவதில்லை. கடலோடு சேரும் ஆற்றிலும் களப்பிலும் அது முகத்துவாரத்திலிருந்து 2 கிலோமீற்றர் உள்ளே வரை நீள்கிறது. 2011ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த நீர்நிலைகளின் விளிம்பிலிருந்து மேலும் 100 மீற்றரைச் சேர்த்தது. கடலே கண்ணுக்குத் தெரியாத வீட்டுக்கும் கரையோரத் திணைக்களத்தின் அனுமதி தேவைப்படுவது இதனால்தான்.

மற்றவை வழக்கமானவை: 30 வருடப் பதிவேட்டுத் தேடல், வீதிக்கோட்டுச் சான்றிதழ், அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், சீ.ஓ.சீ. (வரைபடப்படியே கட்டப்பட்டது என்ற இணக்கச் சான்றிதழ்). இதில் சீ.ஓ.சீ.யை மட்டும் கவனமாகப் பாருங்கள். மாடி பின்னால் கட்டியதா, சான்றிதழ் கீழ்த்தளத்துக்கு மட்டுமா? முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். ஆறு கோடி ரூபாய் மதிப்புள்ள வீடென்றால் 23,99,000 ரூபாய். இதை விலைப் பேச்சுக்கு முன்பே தனியாக எடுத்து வையுங்கள்.

லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வாங்க நினைப்பவர்களுக்கு: 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரசையின் பெயருக்குக் காணி எழுத முடியாது. பங்குகளில் 50 வீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டவர் கையில் உள்ள கம்பனிக்கும் முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் தடை இல்லை. நான்காம் மாடிக்குக் குறையாத தொடர்மாடி வீட்டுக்கும் விலக்கு உண்டு, ஆனால் அதற்கு ஜெட்டி கிடையாதே. ஊரிலுள்ள மச்சானின் பெயரில் எழுதிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்பவர்களுக்கு ஒரு சொல்: அந்த வீடு மச்சானுடையது. இரட்டைக் குடியுரிமையை எடுத்த பிறகு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தையும் வங்கியின் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாகக் கொண்டுவாருங்கள், விற்கும்போது பணத்தை வெளியே அனுப்ப அதுதான் பாதை.

ஜெட்டியைக் குனிந்து பாருங்கள்

ஆழம் அளக்க வேண்டிய மாதம் பெப்ரவரி அல்லது மார்ச். மழை இல்லை, நீர்மட்டம் தாழ்ந்திருக்கும். கொழும்புக் கரையில் கடலின் ஏற்றவற்று ஒரு மீற்றருக்கும் குறைவு, ஏரிக்குள் அதிலும் குறைவு. ஆகவே ஏற்றவற்றைவிடப் பருவகால மாற்றமே முக்கியம். மூங்கில் கழியில் 10 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு போட்டு, நுனியில் 20 சென்ரிமீற்றர் சதுரப் பலகைத் துண்டை ஆணியடித்து இறக்குங்கள். பலகை இல்லாத கழி சேற்றுக்குள் வழுகிப் போய் இல்லாத ஆழத்தைக் காட்டும். 18 அடி பைபர் படகு அவுட்போர்ட் எஞ்சினை இறக்கிய நிலையில் 60 முதல் 70 சென்ரிமீற்றர் நீரில் அமரும். சுழலிக்குக் கீழே இன்னும் 30 சென்ரிமீற்றராவது வேண்டும். இல்லையென்றால் எஞ்சின் சேற்றை உறிஞ்சி, குளிர்நீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்து, எஞ்சின் சூடாகி நிற்கும். ஒரு மீற்றருக்குக் குறைந்த இடம் துடுப்புப் படகுக்கு மட்டும். 'தோண்டிக்கொள்ளலாம்' என்பார் தரகர். தோண்டவும் அனுமதி வேண்டும். ஆற்றின் உள்வளைவில் இருக்கும் காணி என்றால் தோண்டிய குழி அடுத்த மழைக்கே தூர்ந்துவிடும், மண் படிவது உள்வளைவில்தான். வெளிவளைவில் ஆழம் கிடைக்கும், அங்கே கரை அரிக்கும்.

மரக்கால்கள் எங்கே கெடும் என்பது தண்ணீரைப் பொறுத்தது. நன்னீரில் எப்போதும் மூழ்கியிருக்கும் பகுதி ஒட்சிசன் இன்றி நீண்டகாலம் தாங்கும், உக்குவது நனைந்தும் காய்ந்தும் மாறும் நீர்க்கோட்டில். திருப்புளியை அந்த இடத்தில் குத்துங்கள். ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் எளிதாக இறங்கினால் கால் போய்விட்டது. பாணந்துறை உவர்நீரில் கதை தலைகீழ். அங்கே கப்பல் புழு நீருக்கு அடியில் மரத்தைக் குடைகிறது. வெளியே ஊசித் துளை, உள்ளே தேனடை. நீர்க்கோட்டில் திடமாகத் தெரியும் கால் கீழே வெறும் கூடாக இருக்கலாம், யாராவது இறங்கிச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாலொழிய தெரியாது. தென்னங்குற்றி நட்டிருந்தால் அதைத் தற்காலிகம் என்றே எண்ணுங்கள்.

கொங்கிரீட் கால் என்றதும் நிம்மதி கொள்ள வேண்டாம். நெடுக்காக ஓடும் மெல்லிய விரிசலும் அதன் வழியே வழியும் பழுப்புக் கறையும் உள்ளே கம்பி துருவேறி வீங்குவதன் அடையாளம். உவர்நீரில் கம்பிக்கு மேல் 50 முதல் 75 மில்லிமீற்றர் கொங்கிரீட் மூடியிருக்க வேண்டும். வீட்டுத் தூணுக்குப் போடுவதுபோல் 25 மில்லிமீற்றரோடு வார்த்த கால்கள் சில வருடங்களில் உரிந்துவிடும். மேலே சீமெந்து பூசி மறைத்திருந்தால் தட்டிப் பாருங்கள், வெற்றொலி காட்டிக்கொடுக்கும்.

இப்போது அதிகம் விற்கும் மிதவை ஜெட்டி, பிளாஸ்டிக் கனப்பெட்டிகளை ஊசியால் கோத்துச் செய்வது. ஒரு பெட்டி 50க்கு 50க்கு 40 சென்ரிமீற்றர், சதுர மீற்றருக்கு நான்கு. 2 மீற்றர் அகலம், 6 மீற்றர் நீளம் என்றால் 48 பெட்டி. சதுர மீற்றருக்கு 350 கிலோ தாங்கும் என்று சொல்லப்படுவது பெட்டி முழுதும் அமிழும் நிலையில். நடமாட அதில் பாதியைக் கணக்கு வையுங்கள். நீர்மட்டம் மாறும் பொல்கொடவுக்கு இதுவே எங்கள் தேர்வு. ஆனால் ஒரு குறை அடிக்கடி கண்ணில் படுகிறது: பெட்டிகளை நிறுத்தும் கல்வனைஸ் குழாய்கள் குட்டையாக இருக்கின்றன. வெள்ளம் ஏறும்போது மேடை குழாயின் தலையைத் தாண்டிக் கழன்று மிதந்து போய்விடும். அந்த இடத்தின் மிக உயர்ந்த வெள்ளக் கோட்டுக்கு மேல் பெட்டியின் உயரத்தையும் இன்னும் அரை மீற்றரையும் கூட்டி அந்த அளவுக்குக் குழாய் நிற்க வேண்டும். கரையோடு இணைக்கும் நடைபாலமும் நீளம் வேண்டும். நீர்மட்டம் 1.5 மீற்றர் மாறும் இடத்தில் 6 மீற்றர் பாலம் போட்டால் சரிவு நாலுக்கு ஒன்று. 3 மீற்றரோடு நிறுத்தியிருந்தால் வரட்சிக் காலத்தில் அது ஏணிதான்.

ஜெட்டியில் விளக்கும் பிளக்கும் இருந்தால் அந்த வயருக்கு 30 மில்லிஅம்பியர் ட்ரிப் ஸ்விட்ச் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள், அதன் சோதனைப் பொத்தானை அழுத்தியும் பாருங்கள். நன்னீரில் மின் கசிவு உவர்நீரைவிட ஆபத்தானது. நன்னீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது, மனித உடல் கடத்தும். ஆகவே நீந்துபவரின் உடலையே மின்சாரம் பாதையாக எடுக்கும். பொல்கொடவில் உவர்நீர் முதலையும் உண்டு என்பதால் பிள்ளைகளை ஜெட்டியிலிருந்து குதித்துக் குளிக்க விடும் திட்டம் எப்படியும் வேண்டாம்.

எஞ்சினுக்கு ஒரு குறிப்பு. உவர்நீரும் நன்னீரும் கலக்கும் இந்த நீர்வழிக்கு, எஞ்சினின் உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபடும் அனோட் துண்டை அலுமினியத்தில் பொருத்துங்கள். சிங்க் அனோட் நன்னீரில் மேல்படலம் கட்டிச் செயலிழந்துவிடும்.

கரைச்சுவரும் வீடும்

கரைச்சுவர் தண்ணீர் பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். வடிகால் துளை இல்லாத சுவர் தண்ணீரின் மோதலால் விழுவதில்லை. வெள்ளம் சட்டென வடியும்போது பின்னால் ஊறிய மண்ணின் அழுத்தம் தள்ளுவதால்தான் விழுகிறது. சுவரின் அடியில் கல் கொட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஜெட் ஸ்கீ அலை ஒன்றன்பின் ஒன்றாக அடிமண்ணைத் தின்னும். கண்டல் மரங்கள் இருக்கும் கரை என்றால் அவற்றை வெட்டிச் சுவர் கட்டும் யோசனையைக் கைவிடுங்கள். அதைவிட நல்ல கரைக்காப்பு விலைக்குக் கிடைக்காது.

வீட்டில் பார்க்க வேண்டியது மண்ணும் மலக்குழியும். இந்தப் பக்கத்தில் ஒரு காணி கபுக் (செம்பூராங்கல்) மேட்டில் இருக்கும், அடுத்த காணி கரிச்சேற்றின் மேல் நிரப்பியதாக இருக்கும். சேற்று நிலத்தில் வீடு பைலிங்கில் நின்றாலும் முற்றமும் மதிலும் தாழ்ந்துகொண்டே போகும். வாசற்படிக்கும் முற்றத்துக்கும் இடையில் புதிதாகப் பூசிய சீமெந்துக் கோடு இதைச் சொல்லும். சந்தேகம் வந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கொண்டு மண் பரிசோதனை செய்யலாம். நிலத்தடி நீர் ஒரு மீற்றருக்குள் இருக்கும் காணியில் சாதாரண ஊறுகுழி வேலை செய்யாது. மழைக்காலத்தில் கழிப்பறை நீர் இறங்காமல் நிற்கும், அல்லது நேரே ஏரிக்குள் கசியும். எஸ்.எல்.எஸ். 745 என்ற இலங்கைத் தரத்தில் கட்டிய தொட்டியும், அதன் பின் வடிகட்டியும், நிலமட்டத்துக்கு மேல் உயர்த்திய தாவரப் பாத்தியும் இருக்கும் வீடு அபூர்வம். இருந்தால் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

வெள்ளக் கோட்டை விற்பவரிடம் கேட்க வேண்டாம். பக்கத்து வளவின் பழைய மதிலில் கறை இருக்கும். மீன்பிடிக்கும் ஆட்களுக்கு எந்த வருடம் எந்தப் படி வரை ஏறியது என்பது மனப்பாடம். மின் பலகையும் தண்ணீர் மோட்டரும் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கின்றனவா என்று பாருங்கள். காப்புறுதி எடுக்கும்போது வெள்ளம் தனிப் பிரிவாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதையும் எழுத்தில் உறுதிசெய்யுங்கள்.

இத்தனைக்கும் பிறகு எங்கள் வரிசை: மொறட்டுவைப் பக்கம் கபுக் மேட்டில் வீடு, ஒதுக்கீட்டைத் தாண்டாத கட்டடம், மிதவை ஜெட்டி, அதற்கு எழுத்துமூல அனுமதி என்றால் கேட்கும் விலைக்கு அருகே போகலாம். அதே வீட்டில் அனுமதி இல்லாத கொங்கிரீட் ஜெட்டி இருந்தால், அனுமதியை விற்பவரே தன் பெயரில் எடுத்துத் தரும்வரை முற்பணம் கொடுக்க வேண்டாம். அல்லது கழற்றி அப்புறப்படுத்தும் செலவுக்கு ஒரு மேசனிடம் விலைக்கணிப்பு வாங்கி, அந்தத் தொகையை விலையில் கழித்து விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பாணந்துறை உவர்நீர் வீடு ஜெட்டிப் பராமரிப்புக்கு வருடந்தோறும் தனிப்பணம் ஒதுக்கக்கூடியவருக்கு. களனிக் கரை வீடு பிடித்துப்போனால் தோட்டத்துக்காக வாங்குங்கள், படகை வேறிடத்தில் கட்டுங்கள்.